மங்குக்கு ஓர் அறை

மலேசியச் சுற்றுலா ஆண்டு 2026 என்றதும் மலாக்கா மறுபடியும் அதே சிவப்புக் கட்டடங்களையும் ஆ பாமோசா கோட்டையையும் முன்னால் நிறுத்துகிறது.   என் எரிச்சல் அவற்றின் மேல் இல்லை. 2008 ஜூலையில் ஜோர்ஜ்டவுனோடு சேர்ந்து மலாக்கா யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, நீரிணையின் வணிக நகரம் என்ற தகுதியில். வணிகம் என்றால் கப்பல் நினைவுக்கு வருகிறது, கப்பலில் ஏறிய சரக்கு விளைந்த மண் வருவதில்லை. நம் பாரம்பரியம் ஆற்றங்கரையோடு நின்றுவிடுகிறது. லேடாங் மலையடிவாரத்து அசஹான் வரை அது போவதே இல்லை.

1,276 மீட்டர் உயர மலையின் உச்சி ஜொகூருக்கு, அசஹான் மலாக்காவுக்கு. அங்கே போகிறவர்கள் அருவியில் குளிக்கிறார்கள், சுல்தானிடம் ஏழு தட்டுக் கொசு இதயம் கேட்ட இளவரசியின் கதையைக் கேட்கிறார்கள். (கொசுவைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் காடழித்துத் தோட்டம் போட்டு, மலேரியாவில் மடிந்த நம் தமிழர்கள்தான்.) அந்தத் தோட்டங்களின் கதை ரப்பரில் தொடங்குகிறது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி ரப்பர் ரப்பர் என்று அலைந்தபோது காப்பித் துரைமார் பலர் காதில் வாங்கவில்லை. வாங்கியவர் மலாக்காக்காரரான டான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் நட்டார், பிறகு அசஹான் பக்கம் பெரிய அளவில் இறங்கினார். மலாயாவின் ரப்பர் வணிகம் தொடங்கிய மாநிலம் இது. நகரத்தில் 1753இல் கட்டி முடித்த சிவப்புத் தேவாலயத்துக்குக் கிடைக்கும் மரியாதையில் கால் பங்காவது இதற்கு வேண்டாமா?

தோட்ட வாழ்க்கைக்கு ஓர் அருங்காட்சியகம் என்றால், லயத்து வரிசை வீடுகளில் பட்டது போதாதா, அதையும் காட்டிக் காசாக்க வேண்டுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் இலங்கையில் இருக்கிறது. கண்டி ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களுக்குத்தான் முதலிடம். கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று திறந்தார்கள். அங்கே லயத்து அறைகளே காட்சிக்கூடம். துரையின் பெருமையைச் சொல்வதும் தொழிலாளியின் கணக்கைச் சொல்வதும் ஒன்றல்ல. இரண்டாவதைக் காசாக்குதல் என்று ஒதுக்கிவிட்டால், முதலாவது மட்டுமே மிஞ்சும்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, காட்ட என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ நாவல் இந்தத் தோட்ட வாழ்க்கையைத்தான் சொல்கிறது.  தமிழகத்து எழுத்தாளர் ஒருவர் வந்து பார்த்து நாவலாக்கிய வாழ்க்கைக்கு, அது நடந்த மண்ணில் அடையாளம் தேட வேண்டியிருக்கிறது. பால் கத்தி, பால் வடியும் மங்கு, தோட்ட எழுத்தரான கிராணியின் பெரட்டு (வருகைக் கணக்கு)ப் புத்தகம், தோட்டப் பள்ளியின் பழைய வருகைப் பதிவேடு: இவை இன்னும் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. தோட்டம் கைமாறிய பிறகும் மாரியம்மன் கோயில் நிற்கிறது, பல இடங்களில் நிலப்பட்டா இல்லாமலே. ஒட்டுப்பால் வாடையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைக்க முடியாது, ஒப்புக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு அசஹானில் ஓர் அறை போதும். அருவிக்குப் போகும் வழியிலேயே இருந்தால் நல்லது.