ஊருக்குப் புறப்படுமுன் டயரைப் பாருங்கள்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போக நாக்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இப்போது ரயில் டிக்கெட்டுக்குக் காத்திருப்பதில்லை. ஏழு பேர் அமரும் எஸ்.யு.வி. வாசலில் நிற்கிறது. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இங்கிருந்து ஹைதராபாத், பெங்களூர் வழியாகச் சேலம், மதுரை, திருநெல்வேலி வரை கொண்டுபோய் விடுகிறது. மதுரைக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர். மே மாதம் இங்கே வெயில் 45 டிகிரியைத் தொடும். தார்ச்சாலையோ 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அந்தச் சூட்டில் ஏழு பேரையும் மூட்டை முடிச்சுகளையும் தாங்குபவை நான்கு டயர்கள்தாம். ஒவ்வொன்றும் தரையைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு.

பழைய டயரை மாற்றும்போது நம்மவர்கள் விலையையும் தோற்றத்தையும் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியவை பாரமும் வயதும் என்பது என் கருத்து.

ரயில்வேயில் சரக்குப் பெட்டிச் சக்கரத்தின் தேய்மான எல்லையைக் காட்ட ஒரு கோடு வெட்டியிருக்கும். தேய்மானம் அந்த எல்லையை எட்டினால் சக்கரத்தை ஒதுக்கிவிடுவோம். 'இன்னும் ஒரு நடை ஓடுமே' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. டயருக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் தெரியும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான். அதன்பின் மழையில் வழுக்கும். மழைக்காலம் வருமுன்பே மாற்றிவிடுவது நல்லது.

புது டயர் வாங்கும்போது பக்கச்சுவரைப் படியுங்கள். 235/65 ஆர்17 104 ஹெச் என்றிருந்தால், 235 மில்லிமீட்டர் அகலம், அதில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 17 அங்குலச் சக்கரம். 104 என்பது பாரக் குறியீடு. அந்த டயர் 900 கிலோ தாங்கும் என்று பொருள். 100 என்றால் 800 கிலோதான். ஹெச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேக வரம்பு. வண்டியோடு வந்த டயரைவிடப் பாரக் குறியீடு குறைந்ததை எந்தக் கடைக்காரர் எந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது வயது. 'டாட்' என்ற எழுத்துகளுக்குப் பின்வரும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் முதுமையடையும். ஐந்து ஆண்டு ஆனபின் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்றும், பத்து ஆண்டுக்குமேல் எப்படி இருந்தாலும் கழிக்க வேண்டும் என்றும் பெரிய தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும்.

இளைஞர்கள் கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த டயரை விரும்புகிறார்கள். சேற்றிலும் கற்பாதையிலும் ஓட்டுபவருக்கு அது சரி. 2025 ஜூனில் மும்பை வரை முழுமையாகத் திறக்கப்பட்ட 701 கிலோமீட்டர் சம்ருத்தி நெடுஞ்சாலையில் அது கூடுதல் இரைச்சலையும் டீசல் செலவையும்தான் தரும். நெடுஞ்சாலை டயரே குடும்ப வண்டிக்கு ஏற்றது. இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால் புதியவற்றைப் பின்னால் போடுங்கள். பின்சக்கரம் பிடிப்பை இழந்தால் வண்டி சுழன்றுவிடும்.

வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்ற தவறான யோசனை நம்மிடையே உலவுகிறது. காற்று குறைந்தால் பக்கச்சுவர் அதிகம் மடங்கி விரியும், அதனால் சூடேறும், சூட்டினால்தான் டயர் வெடிக்கிறது. காலையில் 33 பவுண்டு இருந்த காற்று, டயர் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 39 ஆகும். இது தயாரிப்பாளர் எதிர்பார்த்ததே. வழியில் இறக்காதீர்கள். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் முழுப் பாரத்துக்கு என்ன அளவு போட்டிருக்கிறதோ, அதைப் புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள்.

ஊரில் உள்ளவர்களுக்குத் துணிமணி, இனிப்பு என்று கணக்குப் பார்க்காமல் செலவிடுகிறோம். டயர்ச் செலவை மட்டும் 'வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளுகிறோம். பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லோரும் அந்த வண்டியில்தானே போகிறார்கள்?

சங்கத்துக்கு ஒரு யோசனை. சித்திரைத் திருநாள் விழாவுக்கு உறுப்பினர்கள் எப்படியும் வண்டியில்தான் வருகிறார்கள். வாகனங்கள் நிற்கும் இடத்தில் இரண்டு பேர் காற்றழுத்தமானியும் ஆழமானியும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றால் போதும். பல குடும்பங்கள் புறப்படுமுன்பே தங்கள் டயரின் நிலையைத் தெரிந்துகொள்ளும். அந்த இருவரில் ஒருவனாக நிற்க நான் தயார்.