யாரும் தராத தரவு

மூன்றாம் தரப்புக் குக்கிகளை இரண்டு ஆண்டுகளுக்குள் ஒழித்துவிடப் போவதாக 2020 ஜனவரியில் கூகுள் நிறுவனம் அறிவித்தது. கெடு 2022இல் முடிந்தது. 2023 என்றார்கள், பிறகு 2024 என்றார்கள், அதன்பின் 2025 என்றார்கள். 2024 ஜூலையில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. பயனரிடமே கேட்டு முடிவு செய்யப்படும் என்று அப்போது சொல்லப்பட்ட மாற்று ஏற்பாடும் 2025 ஏப்ரலில் கைகழுவப்பட்டது. பெருமுதலாளிகளின் ஏடுகளில் தொழில்நுட்பப் பக்கத்தின் மூலையில் வந்து மறைந்த செய்தி இது. ஆனால் உலகில் மூவரில் ஏறத்தாழ இருவர் பயன்படுத்தும் உலாவியான குரோமைத் தன் கையில் வைத்திருக்கும் நிறுவனமே, இணைய விளம்பரச் சந்தையின் மிகப் பெரிய நிறுவனமாகவும் இருக்கிறது. அதன் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2024ஆம் ஆண்டில் ஈட்டிய வருவாய் சுமார் 35,000 கோடி டாலர். அதில் நான்கில் மூன்று பங்கு விளம்பரத்திலிருந்து வந்தது. வேலியே பயிரை மேய்கிறது என்று சொல்வதுகூட இங்கே போதாது. வேலியும் மந்தையும் சந்தையும் ஒரே கையில் இருக்கின்றன.

குக்கி என்பது நிரல் அன்று. கணினியில் உள்ள கோப்புகளைத் திறந்து படிக்கும் ஆற்றலும் அதற்குக் கிடையாது. அது வெறும் எழுத்துத் துணுக்கு. இணையப் பக்கங்களைப் பரிமாறும் நெறிமுறைக்கு இயல்பாகவே நினைவாற்றல் இல்லை. ஒரு பக்கத்தைக் கேட்டவரும் அடுத்த நொடியில் இன்னொரு பக்கத்தைக் கேட்பவரும் ஒருவரே என்பதை, பக்கங்களை அனுப்பும் வழங்கிக் கணினி அறியாது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கதவைத் தட்டும் அந்நியராகவே பயனர் அதன் முன் நிற்கிறார். இந்நிலையில் இணையக் கடையில் ஒரு பொருளைக் கூடையில் வைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குச் சென்றால் கூடையே காணாமற்போகும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய இளம் பொறியாளர் லூ மோண்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டார். முதல் வருகையின்போது வழங்கி ஓர் எண்ணைத் தரும். உலாவி அதைச் சேமித்துக்கொள்ளும். அதே தளத்துக்கு மீண்டும் செல்லும்போதெல்லாம் அந்த எண்ணைத் தானாகவே எடுத்துக் காட்டும். மிதிவண்டி நிறுத்தத்தில் தரப்படும் டோக்கனைப் போன்ற ஏற்பாடுதான். எல்லாத் தளங்களும் அறியக்கூடிய நிரந்தர எண் ஒன்றை ஒவ்வோர் உலாவிக்கும் அளித்துவிடலாம் என்ற யோசனையை, அது கண்காணிப்புக்கு வழிவகுக்கும் என்பதனால் அவர் ஏற்கவில்லை. எந்தத் தளம் கொடுத்ததோ அந்தத் தளத்துக்கு மட்டுமே குக்கி திருப்பிக் காட்டப்படும் என்ற விதி அதனால்தான் வந்தது. இரயில் பயணச்சீட்டு எடுக்கும்போதும் வங்கிக் கணக்கில் நுழையும்போதும் இன்றும் இந்த ஏற்பாடு பயன்படுகிறது. இதில் குறைகாண ஏதுமில்லை.

விளம்பர மூலதனம் அந்த விதியை மீறவில்லை, சுற்றிக்கொண்டு போயிற்று. ஓர் இணையப் பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. செய்தி ஒரு வழங்கியிலிருந்து வரும். அதன் ஓரத்தில் தோன்றும் விளம்பரம், விளம்பர நிறுவனத்தின் வழங்கியிலிருந்து வரும். அந்த இரண்டாவது வழங்கியும் தன் பங்குக்கு ஓர் எண்ணை உலாவியில் இட்டுச் செல்கிறது. வாசகர் அடுத்து மருந்துக் கடைத் தளத்துக்குச் செல்கிறார்; அங்கும் அதே விளம்பர நிறுவனம். வேலைவாய்ப்புத் தளத்துக்குச் செல்கிறார். அங்கும் அதே நிறுவனம். ஒவ்வோரிடத்திலும் உலாவி விதிப்படி அதே எண்ணைக் காட்டுகிறது. ஒருவர் எந்த நோயைப் பற்றித் தேடினார், எந்த வேலைக்கு விண்ணப்பித்தார், நள்ளிரவில் எதைப் படித்தார் என்பன எல்லாம் ஓர் எண்ணின் கீழ் வரிசையாகச் சேர்கின்றன. அவர் வாழ்வில் ஒருமுறைகூடப் பெயர் கேட்டிராத நிறுவனத்திடம் அந்தக் குறிப்பேடு இருக்கிறது. மூன்றாம் தரப்புக் குக்கி எனப்படுவது இதுவே.

இது யாருக்கும் தெரியாமல் நிகழ்ந்துவிட்டதன்று. 1996 பிப்ரவரியில் லண்டனின் பைனான்சியல் டைம்ஸ் எழுதிய பிறகுதான் குக்கி என்ற ஒன்று இருப்பதே பொதுமக்களுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இணையத் தரநிலைகளை வகுக்கும் பொறியாளர் குழு வெளியிட்ட ஆவணம், மூன்றாம் தரப்புக் குக்கிகளை ஏற்கக் கூடாது, குறைந்தபட்சம் அவற்றை அனுமதிப்பது இயல்பு அமைப்பாக இருக்கக் கூடாது என்று தெளிவாகக் கூறியது. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் அதைப் பின்பற்றவில்லை. 1999இல் டபுள்கிளிக் என்ற விளம்பர நிறுவனம், அமெரிக்கக் குடும்பங்கள் அஞ்சல்வழி வாங்கிய பொருள்களின் பட்டியலை வைத்திருந்த அபாகஸ் நிறுவனத்தை நூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. குக்கி எண்களோடு உண்மையான பெயர்களையும் முகவரிகளையும் இணைப்பதே நோக்கம். கடும் எதிர்ப்பும் அரசு விசாரணையும் எழுந்ததால் 2000ஆம் ஆண்டில் அந்த எண்ணம் ஒத்திவைக்கப்பட்டது. டபுள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்குவதாக 2007இல் அறிவித்தது வேறு யாருமல்ல, கூகுள்தான். அந்தக் கொள்முதலின் மேல் எழுப்பப்பட்ட விளம்பரத் தொழில்நுட்பக் கோட்டையைச் சட்டவிரோத ஏகபோகம் என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2025 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று ஒரு பக்கம் திரையில் விரியும் கண்ணிமைப்பொழுதுக்குள் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. இன்ன ஊரில், இன்ன வகைக் கைபேசியில், இன்ன ஆர்வங்கள் உள்ள ஒருவர் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறார் என்ற செய்தி பல நிறுவனங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பப்படுகிறது. அதிக விலை கூறியவரின் விளம்பரம் தோன்றுகிறது. ஏலத்தில் தோற்றவர்களுக்கும் அந்தத் தகவல் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. ஊடகம் விற்பது நிகழ்ச்சியை அன்று, பார்வையாளரையே என்று கனடா நாட்டு மார்க்சியர் டல்லாஸ் ஸ்மித் 1977இல் எழுதினார். அன்று பார்வையாளர்கள் மொத்தமாக விற்கப்பட்டார்கள். இன்று ஒவ்வொருவராக, நொடிதோறும் விற்கப்படுகிறார்கள்.

இவ்வாறு திரட்டப்படுவதைத் தமிழில் 'தரவு' என்கிறோம். 'தருதல்' என்பதே அச்சொல்லின் அடி. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கும் 'தரப்பட்டது' என்பதே பொருள். இரு மொழிகளிலும் சொல் பொய் சொல்கிறது. யாரும் எதையும் தரவில்லை. எடுத்துக்கொள்ளப்பட்டது.

தரப்பட்டதாகக் காட்டுவதற்கான ஏற்பாடுதான் 'ஒப்புதல்'. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் திருத்திய நெறிமுறையும், 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும் முன்கூட்டிய ஒப்புதலைக் கட்டாயமாக்கின. விளைவாகத் தளத்துக்குத் தளம் ஒரு பட்டை முளைத்தது. 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்பது பளிச்சென்ற வண்ணத்தில் இருக்கும்; மறுப்பதற்கோ மூன்று நான்கு படிகள் இறங்க வேண்டும். முன்கூட்டியே குறியிடப்பட்ட கட்டங்கள் ஒப்புதல் ஆகா என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஏற்பது எளிதாகவும் மறுப்பது கடினமாகவும் இருக்கும்படி வடிவமைத்ததற்காகக் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் பிரான்சின் தரவு ஆணையம் 2022 தொடக்கத்தில் அபராதம் விதித்தது. இவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எனினும் ஒப்புதல் என்ற சட்டகத்தின் வரம்பையும் பார்க்க வேண்டும். கூலி ஒப்பந்தத்தில் தொழிலாளி 'சுதந்திரமாக'க் கையெழுத்திடுகிறார் என்பது எவ்வளவு உண்மையோ அவ்வளவே உண்மை, பயனர் சுதந்திரமாகப் பொத்தானை அழுத்துகிறார் என்பதும். ஒரு புறம் உலகளாவிய ஏகபோகம். மறு புறம், மதிய இடைவேளையில் வருங்கால வைப்புநிதி பற்றிய செய்தியைப் படிக்க முனையும் ஒரு தனிமனிதர்.

அந்தரங்கம் என்பது நடுத்தர வர்க்கத்தின் கவலை, வயிற்றுப்பாட்டுக்கு அலைபவருக்கு அதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் தோழர்கள் சிலரிடமும் உண்டு. இது தவறான எண்ணம். கண்காணிப்பின் முதல் களம் தொழிற்சாலை வாயில்தான். வருகைப் பதிவும் நடத்தைக் குறிப்பும் கறுப்புப் பட்டியலும் தொழிலாளிக்கு எதிராகவே பிறந்தவை. இந்தியாவில் பெரும்பாலோர் இணையத்துக்குள் நுழைவது கணினி வழியாக அன்று, கைபேசிச் செயலிகள் வழியாக. அங்கே குக்கியின் இடத்தில் கைபேசிக்கே உரிய விளம்பர அடையாள எண் இருக்கிறது. குக்கிகளை அழிக்கத் தெரிந்தவர்களும் அதைக் கவனிப்பதில்லை. சஃபாரியும் ஃபயர்பாக்ஸும் மூன்றாம் தரப்புக் குக்கிகளை இயல்பாகவே தடுக்கின்றன என்பது நல்லதே. ஆனால் திரையின் அளவு, எழுத்துருக்கள், மென்பொருள் பதிப்பு ஆகியவற்றைச் சேர்த்து, குக்கி இன்றியே ஒரு கருவியை அடையாளம் காணும் 'கைரேகை' முறை வளர்ந்துவிட்டது. அதைத் தன் விளம்பரதாரர்களுக்கு மறுத்துவந்த கூகுள், 2025 பிப்ரவரி முதல் அந்தத் தடையைத் தளர்த்திவிட்டது.

மூலதனம் திரட்டியதை அரசும் பயன்படுத்திக்கொள்கிறது. கூகுளின் குக்கி ஒன்றைக் கொண்டு அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏ தன் இலக்குகளை இனங்கண்டது என்பது எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்திய ஆவணங்கள் வாயிலாக 2013 டிசம்பரில் வெளிவந்தது. காலணி விற்பதற்காக ஒட்டப்பட்ட எண், ஊடுருவித் தாக்க வேண்டிய கணினியைச் சுட்டிக்காட்டப் பயன்பட்டது.

இந்திய நிலையைப் பார்ப்போம். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆறு ஆண்டுகள் இழுத்தடித்து ஒன்றிய பாஜக அரசு கொண்டுவந்ததுதான் 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. முதன்மையான பிரிவுகள் நடைமுறைக்கு வருவதற்கு மேலும் 18 மாத அவகாசம். ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணை மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று சட்டம் கூறுவது வரவேற்கத்தக்கது. ஆனால் ஆங்கிலத்திலேயே புரியாதபடி எழுதப்படும் ஆவணத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் தமிழிலும் அது புரியாது. புரியவைப்பது அந்த ஆவணத்தின் நோக்கமே அன்று.

சட்டத்தின் உட்பிரிவுகளில்தான் வர்க்கச் சார்பு வெளிப்படுகிறது. வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்காகவும், முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் தொழிலாளியின் தரவை அவரது ஒப்புதல் இன்றியே கையாளலாம் என்கிறது 7ஆவது பிரிவு. நுகர்வோராக இருக்கும்போது பெயரளவுக்கேனும் கேட்கப்படுகிறவர், தொழிலாளியாகும்போது அதற்கும் உரியவரல்லர். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகியவற்றைக் காரணம் காட்டி எந்த அரசு அமைப்புக்கும் விலக்களிக்கும் அதிகாரத்தை 17ஆவது பிரிவு ஒன்றிய அரசுக்கு வழங்குகிறது. மீறல்களை விசாரிக்கும் வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் அதே அரசுதான். தரவுக் கசிவால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோருவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 43ஏ பிரிவை நீக்கவும் இச்சட்டம் வகைசெய்கிறது. நிறுவனங்களுக்கு விதிக்கப்படும் 250 கோடி ரூபாய் வரையிலான அபராதமும் அரசின் கருவூலத்துக்கே போகும். வேடிக்கை என்னவென்றால், பொய்ப் புகார் அளித்தல் போன்றவற்றுக்காகச் சாமானியருக்கும் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம் உண்டு.

இவை போதாதென்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவும் இதே சட்டத்தின் வழியாகத் திருத்தப்பட்டது. தனிநபர் தகவலாயினும் பெரும் பொதுநலன் இருந்தால் வெளியிடலாம் என்று அந்த உட்பிரிவில் இருந்த விலக்கு அகற்றப்பட்டுவிட்டது. ஊரக வேலைத் திட்டத்தின் வருகைப் பதிவேட்டையும் ரேஷன் பட்டியலையும் ஊர் நடுவே படித்துக் காட்டித்தான் போலிப் பெயர்கள் பிடிபட்டன. இனி ஊழல் அதிகாரியும் அந்தரங்கத்தின் நிழலில் ஒதுங்கலாம். மக்களின் வாழ்வு மூலதனத்துக்கும் அரசுக்கும் கண்ணாடி. அரசின் செயல்கள் மக்களுக்குக் கருங்கற்சுவர்.

ஆகவே இடதுசாரிகளின் கோரிக்கை, ஒப்புதல் பட்டையைச் சற்றுத் தெளிவாக எழுதுங்கள் என்பதோடு நின்றுவிட முடியாது. தனிமனிதரைத் தடம் பற்றி விளம்பரம் செய்யும் முறையையே சட்டத்தால் தடை செய்ய வேண்டும். செய்திக்குப் பொருந்திய விளம்பரத்தை வெளியிட வாசகரின் வரலாறு தேவையில்லை. நூறாண்டுக்கும் மேலாக நாளிதழ்கள் அப்படித்தான் விளம்பரம் வெளியிட்டன. 7ஆவது, 17ஆவது பிரிவுகளின் விலக்குகள் நீக்கப்பட வேண்டும். தகவல் அறியும் உரிமை பழைய வடிவில் மீட்கப்பட வேண்டும். தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலில் பணியிடத் தரவையும் சேர்ப்பதற்கு இது உரிய தருணம்.

இன்னொன்றும் உண்டு, இதற்கு நாடாளுமன்றம் தேவையில்லை. தன் பக்கத்தில் பேஸ்புக்கின் 'விருப்பம்' பொத்தானைப் பதித்த தளம், அதன் வழியாகச் செல்லும் தரவுக்குப் பேஸ்புக்குடன் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஜூலையில் கூறியது. வேலைநிறுத்தத்துக்கான துண்டறிக்கையை வெளியிடும் சங்கத் தளத்திலும், கட்சி ஏடுகளின் தளங்களிலும் அத்தகைய பொத்தான்களும், வருகையாளரை எண்ணும் கூகுள் நிரலும், பதிக்கப்பட்ட யூடியூப் காணொளிகளும் இருக்குமானால், துண்டறிக்கையைப் படித்த தொழிலாளியின் வருகை எங்கோ பதிவாகிறது. பொத்தானுக்குப் பதிலாக எளிய இணைப்பு போதும். எண்ணிக்கை தேவையென்றால் சொந்த வழங்கியிலேயே நிறுவிக்கொள்ளத்தக்க கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. காணொளியையும் பக்கத்தில் பதிக்காமல் இணைப்பாகத் தந்தால், வாசகர் அதைச் சொடுக்கும் வரை யூடியூபின் குக்கி அவரது உலாவியை எட்டாது.