அறையிலிருந்து சாப்பாட்டுக்கு எவ்வளவு தூரம்?

இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் தலைவர் அவர்களுக்கு,

கற்பிட்டிக் குடாநாட்டுக்கென்று தங்கள் அதிகார சபை வரைந்த பெருந்திட்டம் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதினான்கு தீவுகள், ஏறக்குறைய 4,000 ஏக்கர், 17 ஹோட்டல்கள், 10,000 கட்டில்கள். கோல்ஃப் திடல், குதிரைப் பந்தயத் திடல், கேளிக்கைப் பூங்காக்கள்; போதாததற்குக் கடலுக்கடியிலும் ஒரு கேளிக்கைப் பூங்கா. திட்டத்தின் பெரும்பகுதி கடதாசியிலேயே நின்றுபோனது. ஆனால் இந்த நாட்டில் கடதாசிக்குச் சாவில்லை. சுற்றுலா வருமானம் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் யாராவது ஒருவர் கற்பிட்டிக் கோப்பைத் தூசி தட்டுகிறார். அடுத்த முறை அது தங்கள் மேசைக்கு வரும்போது பக்கத்தில் வைத்துப் படிப்பதற்காகவே இந்த மடலைப் பள்ளிவாசல்துறையிலிருந்து எழுதுகிறேன்.

ஹோட்டல் வேண்டாம் என்று எழுதவில்லை. ஹோட்டல் சம்பளத்தில் அடுப்பெரியும் வீடுகள் இங்கும் உண்டு. என் கேள்வி சிறியது. ஏக்கர், அறை, கட்டில், முதலீடு எல்லாம் எண்ணில் வருகின்றன. அங்கே தங்கப்போகிறவரும் வேலை செய்யப்போகிறவரும் பக்கத்துக் கிராமத்தவரும் ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும் என்பது மட்டும் எந்தத் தாளிலும் வருவதில்லை. அதை ஏன் நீங்கள் கேட்பதில்லை?

4,000 ஏக்கர் என்றால் பதினாறு சதுர கிலோமீட்டர். ஹைதராபாத்துக்கு வெளியே 1996இல் திறந்த ராமோஜி ஃபிலிம் சிட்டி 1,666 ஏக்கர். அங்கே சுற்றிப் பார்க்க வருகிறவர்களை பஸ்ஸில் ஏற்றித்தான் இடத்துக்கு இடம் கொண்டுபோகிறார்கள். நடந்து பார்த்து முடிக்க ஒருவராலும் ஆகாது. அமெரிக்காவின் ஒர்லாண்டோவில் உள்ள டிஸ்னி வேர்ல்ட் இன்னும் பெரிது, ஏறக்குறைய நூறு சதுர கிலோமீட்டர். 1971இல் அதைத் திறந்தபோதே மோனோரயில் ஒன்று அங்குள்ள ஹோட்டல் கட்டடத்துக்குள்ளேயே நுழைந்து வெளியேறும்படி கட்டினார்கள். படகு விட்டார்கள், பஸ் விட்டார்கள், 2019இல் கம்பியில் தொங்கும் வண்டியும் விட்டார்கள். இவ்வளவும் இருந்தும் அங்கே போய்வருகிறவர்கள் முதலில் சொல்வது கால்வலியைத்தான். பூங்காவுக்குள் நடந்த களைப்பு ஒரு பங்கு. திரும்பி வந்தபின், ஏரியைச் சுற்றிப் பரப்பிக் கட்டிய ஹோட்டலில் பஸ் நிறுத்தத்திலிருந்து அறைக்கும், அறையிலிருந்து சாப்பாட்டு மண்டபத்துக்கும் நடக்கும் நடை இன்னொரு பங்கு. 1988இல் திறந்த கரிபியன் பீச் என்ற ஹோட்டல் இதற்குப் பேர்போனது. ஒரே ஹோட்டலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போக ஹோட்டலுக்குள்ளேயே பஸ் பிடிப்பார்கள்.

டிஸ்னி நிறுவனத்தின் கெட்டித்தனத்தை இந்த இடத்தில் மெச்சத்தான் வேண்டும். அதன் ஹோட்டல்கள் பலவற்றில், சாப்பாட்டு மண்டபத்துக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் கிட்ட இருக்கும் அறைகளுக்குத் தனி விலை. அதே கட்டில், அதே குளியலறை. கிட்ட என்பதற்காக மட்டும் கூடுதல் காசு. ஆக, தூரத்துக்கு ஒரு விலை உண்டு என்பது வியாபாரிக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அனுமதி கொடுக்கும் அரசாங்கத்துக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

ஒர்லாண்டோவில் பாதை கொங்கிரீட். எங்களுக்கு மணல். தார் போட்டாலும், கல் பதித்தாலும், வைகாசியில் சோளகம் எழும்பினால் ஐப்பசி வரைக்கும் பாதையின் மேல் மணல் ஏறிக்கொண்டே இருக்கும். காற்றாடிப் பலகையில் சறுக்க வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அந்தக் காற்று வரப்பிரசாதம். சக்கர நாற்காலிக்கு அது பூட்டுப் போட்ட கேற். திடமான ஆள் நல்ல பாதையில் ஐந்து நிமிடத்தில் நடக்கும் 400 மீற்றருக்கு, எழுபது வயதுக்காரருக்கு எட்டு, பத்து நிமிடம் போகும். புழுதி மணலும் உச்சி வெய்யிலும் சேர்ந்தால் எத்தனை நிமிடம் என்று கொழும்பில் இருந்து கணக்குப் போட முடியாது.

தென்கரையில் ஒரு பெரிய ஹோட்டல், பெயர் வேண்டாம். குடும்பத்தில் ஒரு கலியாணத்துக்காக எல்லோருமாய் அங்கே தங்கினோம். உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். அவருக்குக் கிடைத்த அறை கடலைப் பார்த்த அறை, அழகான அறை, கடைசி அறை. பகி வண்டி வரும் என்றார்கள். வந்தது, பகல் முழுதும் வந்தது. இராச் சாப்பாட்டு நேரம் எல்லா அறையிலிருந்தும் ஒரே நேரத்தில் கூப்பிட, இருந்த இரண்டு வண்டியும் போதவில்லை. "எனக்குப் பசியில்லை மகன், நீங்க போய்த் தின்னுங்க" என்றார். பசியில்லாத ஆளா அவர்! பஃபேக்கு முழுக் காசும் கட்டியிருந்தோம். அறைக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டதற்கு அதற்கு வேறு கட்டணம் சொன்னார்கள். அந்த ஹோட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று தங்கள் சபையின் பட்டியலில் இருக்கும். அந்த நட்சத்திரங்களை எண்ணும்போது கட்டிலுக்கும் சோற்றுக்கும் இடையிலுள்ள தூரத்தை யாராவது அளந்தார்களா?

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இந்த நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ஐரோப்பாவிலிருந்து மார்கழியில் குளிருக்குத் தப்பி வருகிறவர்களிலும் ஓய்வூதியம் எடுக்கிறவர்கள் ஏராளம். உங்கள் விளம்பரப் படங்களில் ஓடித் திரிகிற இளம் சோடி அல்ல, இவர்கள்தான் இரண்டு கிழமை, மூன்று கிழமை தங்கிச் செலவு செய்கிறவர்கள்.

விருந்தாளி நடப்பது மூன்று நாளோ பத்து நாளோ. வேலைக்காரர் வருஷம் முழுக்க நடக்கிறார். ஒரே கட்டடமாக எழுந்த ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறவர் தன் ட்ரொலியை ஒரு விறாந்தை நெடுகத் தள்ளிக்கொண்டு போகலாம். தனித்தனி வில்லாவாகக் காணி முழுக்க விதைத்துவிட்டால், விரிப்பு, துவாய், தண்ணீர்ப் போத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் களஞ்சியத்துக்கும் வில்லாவுக்கும் இடையில் அலைச்சல். பன்னிரண்டு அறை துப்புரவாக்கச் சொன்னால் பன்னிரண்டு அறைக்கான வேலை மட்டும்தான் கணக்கில் வரும். இடையில் நடந்த நடை ஒருவர் கணக்கிலும் இல்லை. அதோடு முடிவதுமில்லை. விருந்தாளிக்கான வாசல் பிரதான வீதிப் பக்கம் இருக்க, ஊழியர் வாசல் பின்புறம், குப்பை ஏற்றும் பக்கம். இரவு பத்து, பதினொரு மணிக்கு வேலை முடிந்து அந்த வாசலால் வெளியே வரும் பெண்பிள்ளை இருட்டு ஒழுங்கையில் பாலாவி–கற்பிட்டி வீதி வரைக்கும் நடந்து வர வேண்டும். அந்த நேரத்தில் பஸ் எங்கே? உள்ளூர்ப் பெண்கள் ஹோட்டல் வேலைக்கு வருகிறார்கள் இல்லையே என்று கருத்தரங்குகளில் காரணம் தேடுகிறவர்கள் மார்க்கத்தையும் கலாசாரத்தையும் இழுப்பார்கள். முதலில் அந்த ஒழுங்கையில் ஒரு லைற் போட்டுப் பார்க்கட்டும்.

மூன்றாவது ஆள், ஹோட்டலுக்குள் காலே வைக்காதவர். கடலுக்குப் போகிறவர். இருநூறு மீற்றர் ஒழுங்கையால் கரைக்கு இறங்கிக்கொண்டிருந்தவருக்கு முன்னால் ஒரு மதில் எழுந்தால் அவர் மதிலின் நீளத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். தோளில் எஞ்சின், கையில் எண்ணெய்க் கலன், திரும்பி வரும்போது மீன். கரை அரசாங்கத்தின் சொத்து, எவரும் நடமாடலாம் என்று சட்டம் சொல்கிறது, உண்மைதான். கரைக்குப் போய்ச் சேரும் வழி தனியார் காணிக்குள் மறைந்துபோனால் அந்தச் சட்டத்தை வைத்து என்ன செய்வது? குடாநாட்டில் இந்த முறைப்பாடு புதிதல்ல. பாசிக்குடாவில் ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தபோது அங்குள்ள மீனவர்களும் இதையேதான் சொன்னார்கள்.

கரைவலைக்காரர்களுக்கு வழி மட்டும் போதாது, கரையின் நீளமும் வேண்டும். தோணியில் போய் வலையை வளைத்து வந்தபின், இரண்டு கயிற்று நுனிகளையும் இரண்டு கூட்டமாகத் தூரத் தூர நின்று இழுத்து, இழுக்க இழுக்க ஒன்றையொன்று நெருங்கி வருவார்கள். நடுவில் நாலு சாய்வுக் கதிரையும் குடையும் நட்டுவிட்டால் தொழில் நின்றுபோகும். இதிலுள்ள கரைச்சல் என்னவென்றால், மேற்குக் கரையில் கரைவலை இழுக்கும் மாதங்களும் டொல்ஃபின் பார்க்க ஆட்கள் வரும் மாதங்களும் ஒன்றே. கார்த்திகையிலிருந்து சித்திரை வரை. ஒரே கரை, ஒரே பருவம். இதை முன்கூட்டியே பேசித் தீர்க்காமல் கட்டடம் எழும்பியபின் பொலிசை அழைத்துத் தீர்க்க முடியாது.

பெரிய கூட்டத்தைக் குடாநாடு தாங்காது என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எங்களுக்குப் பக்கத்தில் தலவில புனித அன்னாள் ஆலயம் இருக்கிறது. பங்குனியிலும் ஆவணியிலும் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து வந்து கூடும் பக்தர்கள் மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். கடல் பக்கத்தில், கோயில் பக்கத்தில், கடைத்தெரு பக்கத்தில். கிழவிகளும் கைக்குழந்தைகளும் அங்கேதான் இருக்கிறார்கள். அங்கே சிரமமே இல்லை என்று நான் சொல்லவில்லை, மலசலகூட வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆனாலும் மனிதர் நடமாட்டத்தை நடுவில் வைத்து ஓர் இடம் எப்படி அமைகிறது என்று படிக்க வேண்டுமானால் சிங்கப்பூருக்குப் போகுமுன் ஒருமுறை தலவிலவுக்குப் போகலாம்.

கட்டடக்கலையிலும் நம் நாட்டுக்கு முன்னோடி இல்லாமலில்லை. ஜெஃப்ரி பாவா பெந்தோட்டையில் 1960களின் இறுதியில் விடுமுறைக் கிராமத்தை வகுத்தபோது புகையிரத நிலையமும் கடைத்தொகுதியும் ஹோட்டலும் ஒன்றுக்கொன்று நடக்கும் தூரத்தில் அமைந்தன. அதே பாவா 1990களில் கட்டிய கந்தளமை ஹோட்டல், 152 அறைகளோடு மலையைத் தழுவிக்கொண்டு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. உலகமே புகழும் கட்டடம், நானும் புகழ்கிறேன். ஆனால் கடைசி அறை கிடைத்த மூட்டுவலிக்காரர் புகழ்வாரா என்பது வேறு விடயம். அங்கேயாவது கூரையும் நிழலும் உண்டு. கந்தளமையைப் பார்த்து ஆசைப்பட்டு மற்றவர்கள் கட்டுகிறவற்றில் நீளம் மட்டும்தான் வருகிறது.

சட்டம் இல்லை என்று சொல்லவும் முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. பொது இடங்களுக்குள் அவர்கள் தடையின்றிச் செல்ல வழிசெய்யும் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. புதிய பொதுக் கட்டடங்கள் அவற்றுக்கு அமையவே எழ வேண்டுமென 2011இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் நாடு ஏற்று உறுதிசெய்தது. ஆயினும் நடைமுறையில் இவையெல்லாம் வாசலில் ஒரு சாய்தளம், கீழ்மாடியில் ஒரு குளியலறை என்பதோடு நின்றுவிடுகின்றன. சாய்தளத்தில் ஏறிய பிறகு அறைக்கு அரைக் கிலோமீட்டர் என்றால் அந்தச் சாய்தளம் யாருக்கு?

ஆகவே நான் கேட்பது இதுதான். குடாநாட்டில் எந்த ஹோட்டலுக்கோ கேளிக்கைப் பூங்காவுக்கோ அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தாலும், கட்டட வரைபடத்தோடு ஒரு நடை வரைபடமும் கேளுங்கள். வாகனம் நிற்கும் இடத்திலிருந்து மிகத் தூரத்து அறைக்கு எத்தனை மீற்றர், அந்த அறையிலிருந்து சாப்பாட்டுக்கும் கடலுக்கும் எத்தனை மீற்றர், ஊழியர் வாசலிலிருந்து வீதிக்கு எத்தனை, கிராமத்தவர் கடலுக்குப் போகும் பழைய வழி எது, கட்டியபின் அது எவ்வளவு நீளும். நானூறு மீற்றரைத் தாண்டும் இடத்தில் என்ன வாகனம், இராச் சாப்பாட்டு நேரத்தில் எத்தனை வண்டி, வழியில் நிழலும் இருக்கையும் எங்கே. நட்சத்திரத் தரம் கொடுக்கும்போதும் இதைப் புள்ளியில் சேருங்கள். தூரத்து அறையை விற்கிறவர் அது தூரம் என்பதை முன்பதிவிலேயே மீற்றரில் எழுதட்டும். கடலைப் பார்த்த அறை என்று எழுதத் தெரிந்தவருக்கு இதுவும் எழுதத் தெரியும். பழைய ஒழுங்கைகளில் கை வைக்கும் எந்த வரைபடத்தையும் திருப்பி அனுப்புங்கள்.

டொல்ஃபின் படகுகளையும் மறந்துவிட வேண்டாம். கரையில் அலை அடிக்க அடிக்க இடுப்பளவு தண்ணீரில் நின்று படகுக்குள் தாவி ஏறுவது இளசுகளுக்கு விளையாட்டு. வயதானவர்களைப் படகோட்டிகள்தான் குழந்தையைப் போல் தூக்கி வைக்கிறார்கள், முகம் சுளிக்காமல். கோல்ஃப் திடலுக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் ஒரு துளியில் நல்ல இறங்குதுறை ஒன்று கட்டலாம். மீன் இறக்குகிறவர்களுக்கும் அது உதவும்.

இந்த மடலுக்கு நீண்ட பதில் வேண்டாம். நடை வரைபடத்தைக் கட்டாயமாக்குவீர்களா, ஆக்குவதென்றால் எந்தத் திகதியிலிருந்து, வந்த வரைபடங்களைக் கற்பிட்டிப் பிரதேச செயலகத்தில் தமிழிலும் சிங்களத்திலும் பார்வைக்கு வைத்து ஆட்சேபனைக்கு எத்தனை நாள் தருவீர்கள் என்ற மூன்றுக்கும் விடை தந்தால் போதும்.

இப்படிக்கு,
பள்ளிவாசல்துறை வாசி ஒருவர்