'ரோஜர்' என்றால் சம்மதமா? விமானிகளின் வானொலிப் பேச்சு உயிர் காப்பது எப்படி?

பிடோக்கில் வசிப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. பக்கத்திலேயே சாங்கி விமான நிலையம், இன்னொரு பக்கம் பாய லேபார் ஆகாயப் படைத் தளம்.

ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் நடக்கும் பேச்சு நம் காதில் விழுவதில்லை.

விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசும் அந்தச் சில விநாடிகளில் ஒரு சொல் தவறினால் என்ன ஆகும்?

2024 ஜனவரி 2ஆம் தேதி தோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் உலகம் அதைப் பார்த்தது.

ஹனேடாவில் என்ன நடந்தது?

நிலநடுக்க நிவாரணப் பொருள்களுடன் புறப்படவிருந்தது ஜப்பானியக் கடலோரக் காவல்படை விமானம். ஓடுபாதைக்கு வெளியே காத்திருக்கும் இடம் வரை செல்லும்படி அதற்குச் சொல்லப்பட்டது. புறப்படும் வரிசையில் 'நம்பர் ஒன்' என்றும் கோபுரம் கூறியது.

விமானி அதைச் சரியாகத் திரும்பச் சொன்னார். ஆனால் ஓடுபாதைக்குள் நுழைய அனுமதி கிடைத்துவிட்டதாக நினைத்துவிட்டார்.

விமானம் ஓடுபாதையில் சுமார் 40 விநாடி நின்றது. தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் அதன்மீது மோதியது. காவல்படை விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் மாண்டனர். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிர் தப்பினர்.

சொன்னதையே ஏன் திரும்பச் சொல்ல வேண்டும்?

கோப்பிக் கடையில் நீங்கள் "ரெண்டு தே சி, ஒரு கோப்பி ஓ கொசோங்" என்கிறீர்கள். கடைக்காரர் அதையே ஒருமுறை திருப்பிச் சொல்வார். தவறு இருந்தால் அங்கேயே திருத்திவிடலாம், இல்லையா?

விமானத்திலும் அதே வழக்கம்தான். ஓடுபாதை எண், உயரம், திசை, புறப்படவோ தரையிறங்கவோ அனுமதி ஆகியவற்றை விமானி திரும்பச் சொல்லியே ஆக வேண்டும். அதைக் கவனித்துக் கேட்டு, பிழையிருந்தால் திருத்துவது கட்டுப்பாட்டாளரின் கடமை.

எந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

- ரோஜர்: நீங்கள் சொன்னது முழுவதும் கிடைத்தது. 'சரி', 'சம்மதம்' என்று பொருள் இல்லை.
- வில்கோ: புரிந்தது, அப்படியே செய்கிறேன்.
- அஃபர்ம்: ஆம். 'அஃபர்மேட்டிவ்' என்றால் இரைச்சலில் 'நெகட்டிவ்' என்று கேட்டுவிடலாம்.
- அனேபிள்: என்னால் முடியாது.
- சே அகெய்ன்: மறுபடி சொல்லுங்கள்.

ஒன்பதைக்கூட 'நைனர்' என்றுதான் சொல்வார்கள். 'ஃபைவ்' என்று தவறாகக் கேட்டுவிடக் கூடாதே!

இவ்வளவு கண்டிப்பு எதற்கு?

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரிஃபே தீவு. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், பல விமானங்கள் அங்கிருந்த சிறிய லோஸ் ரோடியோஸ் விமான நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. கடும் மூடுபனி வேறு.

கேஎல்எம் விமானம் அனுமதி இல்லாமலேயே புறப்பட ஓடத் தொடங்கியது. அதைக் காத்திருக்கச் சொன்னது கோபுரம். அதே நொடியில், தான் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாகச் சொன்னது பான் ஆம் விமானம்.

ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சென்ற ஒலிதான் மிஞ்சும். எச்சரிக்கை தெளிவாகக் கேட்கவில்லை. 583 பேர் மாண்டனர்.

அதன் பிறகு விதி மாறியது. 'டேக் ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்'.

நம் தீவின் சிறிய விமான நிலையம்?

சிலேத்தார். 1,836 மீட்டர் நீளத்தில் ஒரே ஓடுபாதை. தனியார் ஜெட், டர்போபிராப் விமானம், பயிற்சி விமானம் எல்லாம் அதையே பகிர்ந்துகொள்கின்றன. வேகம் வேறு, அனுபவம் வேறு. ஆனால் எல்லாருக்கும் பேச்சு முறை ஒன்றுதான்.

பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி தரும் சிங்கப்பூர் யூத் ஃபிளையிங் கிளப்பும் அங்குதான் இருக்கிறது. உங்கள் வயதுக்காரர் ஒருவர் அங்கே கோபுரத்துடன் பேசக் கற்றுக்கொண்டிருக்கலாம்.

ஆங்கிலம் தெரிந்தால் போதுமா?

போதாது. அனைத்துலக வழித்தடங்களில் பறக்கும் விமானிகளுக்கு 2008 முதல் ஆங்கிலத்தில் குறைந்தது 4ஆம் நிலைத் தேர்ச்சி தேவை. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளரும் நமக்கு இது நன்றாகவே புரியும். சொல் தெரிவது வேறு. இருவரும் அதை ஒரே பொருளில் புரிந்துகொள்வது வேறு.

ஹனேடா சொல்லும் பாடமும் அதுதான். திரும்பச் சொன்னது சரி, புரிந்துகொண்டதுதான் தவறு. அதனால்தான் பயிற்சியில் இன்னொன்றும் சொல்லித் தருவார்கள்: துளி சந்தேகம் வந்தாலும் கேட்டுவிடு.

'சே அகெய்ன்' என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்கு ஆகும் நேரம் இரண்டு விநாடிதான்.