கறளின் மேல் பூசும் காசு

பழைய லொறி வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இப்போது அடிக்கடி கேட்கிற யோசனை இது: பெயின்ற் அடித்துக் காசைக் கரியாக்காதே, பெட்லைனர் அடி, ஆயுளுக்கும் கறள் பிடிக்காது. பிக்கப் வண்டிகளின் பின்பெட்டியைக் கல்லும் மண்ணும் உராயாமல் காப்பதற்காகச் செய்யப்பட்ட பூச்சு அது. தடிப்பானது, சொரசொரப்பானது, றப்பர் போல இழுபடக்கூடியது. அதைக் கபின், கதவு, மட்கார்ட், சேசிஸ் என்று வண்டி முழுவதும் அடித்துவிட்டால் திருகோணமலைக் கரையிலுள்ள எங்கள் சம்பூரின் உப்புக்காற்றே தோற்றுப்போகும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் முழுமூச்சாக மறுக்கிறேன். கறள் ஏறிய பழைய வண்டிக்கு இதைவிடக் கெடுதியான வைத்தியம் கிடையாது.

இந்த யோசனை ஏன் இவ்வளவு சுலபமாக மனதில் ஒட்டிக்கொள்கிறது என்பது விளங்குகிறது. 2006 ஏப்ரலில் போர்க் குண்டுகளுக்குத் தப்பி ஓடிய சம்பூர் மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல் போன்ற முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். காணிகள் 2015, 2016இல் திரும்பக் கைக்கு வந்தபோது வீடு இல்லை, மாடு இல்லை, வள்ளம் இல்லை. எல்லாவற்றையும் அடியிலிருந்து தேட வேண்டியிருந்த ஊரில் மூன்றாம் கை, நாலாம் கை மாறி வந்த ஒரு எல்ஃப் லொறியோ டிமோ பட்டா சிறு லொறியோ ஒரு குடும்பத்தின் முழு முதல். அதற்குமேல் 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த ஐந்து ஆண்டும் இருக்கிற வண்டியைச் சாகவிடாமல் இழுத்துப் பிடிப்பதைத் தவிர யாருக்கும் வழி இருக்கவில்லை. அந்தத் தவிப்பு நியாயமானது. அந்தத் தவிப்பின்மேல்தான் இந்தப் பூச்சை விற்கிறார்கள் என்பதே எனது கோபம்.

கறள் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். இரும்புக்குத் தண்ணீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் போதும், உப்பு அதை விரைவாக்கும். சம்பூருக்கு ஒரு பக்கம் கொட்டியாரக் குடா, மறுபக்கம் திறந்த கடல். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் தகரத்தில் கைவைத்தால் பிசுபிசுக்கும். அந்த உப்பு கறளின் மேலே மட்டும் நிற்பதில்லை. கறள் தின்ற சின்னச் சின்னக் குழிகளின் அடியில் போய்க் குந்திவிடும். வயர் பிரஷ்ஷால் எவ்வளவு தேய்த்தாலும் அங்கே எட்டாது. அதன்மேல் எந்தப் பூச்சைப் பூசினாலும் உப்பு தன் வேலையை விடாது. ஈரத்தை முழுக்க மறிக்கிற பூச்சு உலகில் இல்லை. மெல்ல மெல்லக் கசியும் நீராவியை அடியிலுள்ள உப்பு இழுத்து எடுத்துக்கொள்ளும். பூச்சு குமிழ்விட்டுக் கிளம்பும். கறள் தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் பூச்சை உள்ளிருந்தே நெம்பும். பெட்லைனரை அடித்து இதைத் தடுத்துவிட்டோம் என்பது கள்ளனை வீட்டுக்குள் விட்டுக் கதவைப் பூட்டிய கதை.

சாதாரணப் பெயின்றுக்கு இங்கே ஒரு பெரிய நன்மை உண்டு. அது உண்மையைச் சொல்லிவிடும். குண்டூசித் தலையளவு குமிழ் வந்ததுமே கண்ணில் படும். அரத்தாளால் தேய்த்து, பிறைமர் வைத்து, அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ற் தொட்டுவிடலாம். அரை நாள் வேலை. இரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் றப்பர் போல நிற்கும் பூச்சோ கிழியாது, வெடிக்காது. அடியில் தகரம் பொடியாகிப் போனாலும் வெளியே புதுசு போல விறைத்து நிற்கும். ஒருநாள் கதவின் அடியில் விரல் வைத்து அமத்தினால் விரல் உள்ளே போகும். அப்போது தொட்டுச் சரிசெய்ய அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இன்னொன்று, பழைய லொறியின் மோசமான கறள் பெரும்பாலும் உள்ளேயிருந்து வெளியே வருவது. கதவின் அடிமடிப்பு, கபின் நிற்கும் கால்கள், பெட்டிபோல் மூடிய சட்டங்களின் உட்புறம், இங்கேயெல்லாம் தண்ணீர் தேங்கித்தான் தின்கிறது. வெளியே என்ன பூசினாலும் அங்கே போகாது. தடித்த பூச்சு போகிற இடம் வேறு: தண்ணீர் வடியத் தொழிற்சாலை விட்ட சின்னத் துளைகளுக்குள். அவை அடைபட்டால் மழைத்தண்ணீரும் மீன் ஐஸ் உருகிய உப்புத்தண்ணீரும் சட்டத்துக்குள்ளேயே நிற்கும். சேசிஸில் கறள் என்றால் என்ன விலை என்று அமெரிக்காவில் கண்டார்கள். டொயோட்டாவின் பிக்கப் வண்டிகளும் அவற்றோடு ஒரு ஜீப் ரகமுமாகச் சுமார் 15 லட்சம் வண்டிகளின் சேசிஸ் கறள் வழக்கு, 2016 நவம்பரில் 340 கோடி டொலர் வரை போகலாம் என்று கணக்கிடப்பட்ட சமரசத்தில் முடிந்தது. ஓட்டை விழுந்த சேசிஸ்களை மாற்றிக் கொடுப்பது என்று அதில் உடன்பட்டார்கள். மேலே எதையாவது தடிப்பாகப் பூசித் தப்ப முடிந்திருந்தால் இவ்வளவு காசை யார் எடுத்து வைப்பார்கள்?

தடிப்பானது பலமானது என்ற எண்ணம்தான் எல்லாவற்றுக்கும் வேர். தொழிற்சாலையில் ஒரு வண்டியைக் கறளிலிருந்து காப்பது வெளியே பளபளக்கும் நிறம் கிடையாது. தகரத்தைச் சுத்தமாகக் கழுவி, பொஸ்பேற் ஏற்றி, தொட்டிக்குள் முழுதாய் அமிழ்த்தி மின்சாரத்தால் படியவைக்கும் முதல் படலம்தான் அது. அதன் தடிப்பு ஏறத்தாழ 20 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு. சுத்தமான இரும்பில் படிந்ததாலும் மூலைமுடுக்கெல்லாம் நுழைந்ததாலும்தான் அது நிற்கிறது. ஸ்கொட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலமும் இதையே காட்டுகிறது. 1890இல் திறந்த அந்தப் பாலத்துக்கு நூறு ஆண்டுக்குமேல் பெயின்றுக்கு மேல் பெயின்றாக அடித்தார்கள், வேலை முடிந்தபாடில்லை. 2002இல் தொடங்கி 2011 வரை, பழைய படலங்களை எல்லாம் அடித்து உதிர்த்து, வெறும் இரும்பைக் கண்ட பிறகே மூன்று பூச்சுப் பூசினார்கள். மூன்றும் சேர்ந்தும் தடிப்பு மிகக் குறைவுதான். கடல்மேல் நிற்கும் பாலத்துக்கே அரை மில்லிமீற்றர் தேவைப்படவில்லை. வெறும் இரும்பு தேவைப்பட்டது.

“அப்படியென்றால் நாங்களும் கறளை முழுதாய் எடுத்துவிட்டு பெட்லைனர் அடிக்கிறோம்” என்பார்கள். நல்லது. முழுதாய் எடுத்த இரும்புக்கு நல்ல எபொக்சி பிறைமரும் வழக்கமான பெயின்றுமே போதும், செலவும் குறைவு. நடப்பது அதுவல்ல. மேலாகத் தேய்த்து, ஓட்டைகளில் கட்டலோய் பசை அப்பி, அன்று பின்னேரமே றோலரால் உருட்டிவிடுகிறார்கள். பிறகு அந்த இடத்தில் வெல்டிங் செய்ய வேண்டி வந்தால் படலம் எளிதில் உரிபடாது. உரிக்காமல் சூடாக்கினால் ஐசோசயனேற்றும் ஹைட்ரஜன் சயனைட்டும் கலந்த நச்சுப் புகை எழும். அதை மூச்சில் வாங்குவது வெல்டிங் செய்யும் பிள்ளைதான்.

அடிக்கும்போதும் ஆபத்துக் குறைவில்லை. இந்தப் பூச்சின் அடிப்படையே ஐசோசயனேற். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு துளியளவு பட்டாலும் இழுப்பு வரும். தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு உலகெங்கும் முக்கியமான காரணங்களில் ஒன்று இது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஓகஸ்ட் முதல், இந்த இரசாயனங்களைத் தொழிலில் பயன்படுத்துபவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். நமது கராஜ்களில் முகத்தில் சாரத்துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்பிறே அடிக்கிறார்கள். துணி இதை மறிக்காது.

பெட்லைனரை எங்கும் அடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுத்தமான தகரத்தில், பின்பெட்டியின் உட்புறத்தில், அது அருமையான பொருள். மகாவலி மணலும் கல்லும் ஏற்றி இறக்கும் வண்டிக்கு நிச்சயம் உதவும். அதன் இடம் அந்தப் பெட்டி. கபினுக்கும் சேசிஸுக்கும் வேண்டியது வேறு: மீன் ஏற்றிய நாளெல்லாம் நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் கழுவுவது, வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து வைப்பது, சட்டங்களின் உள்ளே எண்ணெய் அல்லது மெழுகு அடிப்பது, வாடை தொடங்க முன் குமிழ் கண்ட இடங்களைத் தொட்டுவிடுவது. பெட்லைனருக்குக் கேட்கும் காசில் இவற்றைப் பல ஆண்டுகள் செய்யலாம்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்பனைக்கு வரும் பழைய லொறியின் சேசிஸில் புதிதாகக் கறுப்புப் பெட்லைனர் மினுங்கினால், விலை பேச முன் சுத்தியலால் தட்டவும் ஓரிடத்தில் சுரண்டிப் பார்க்கவும் சம்மதம் கேளுங்கள். வெல்டிங் வெடிப்பையும் ஒட்டுத் தகரத்தையும் மறைக்க இதைவிட வசதியான படலம் இல்லை. லொறிகளுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழ் எடுக்க வேண்டிய நாடு இது. பார்க்க முடியாத சேசிஸுக்கு எப்படித் தகுதி சொல்வது? மூதூர் வீதியில் அந்த லொறிக்கு முன்னும் பின்னும் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். சேசிஸ், ஸ்பிறிங் தாங்கிகள், பிறேக் குழாய்கள் ஆகியவற்றின்மேல் இந்தப் பூச்சு இருந்தால், அதை உரித்துக் காட்டும்வரை சான்றிதழ் கொடுக்கக் கூடாது என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் விதி போட வேண்டும்.