விடியுமுன் வேலைக்குப் போகும் தாய், பிள்ளை யாரிடம்?

அதிகாலை நாலரை மணிக்கு மதுரை மேலவாசல் குடியிருப்பில் அடுத்தடுத்து விளக்கு எரிகிறது. விடிகிற நேரத்துக்கு மஸ்டரில் நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைய சம்பளம் என்னாகுமோ என்ற பயம். முந்தின நாள் சோற்றைக் கரைத்து ஒரு வாய் குடித்துவிட்டு, தூளியில் கிடக்கும் பிள்ளையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு கிளம்புகிறாள் தாய். சத்தம் கேட்டால் பிள்ளை விழித்துக்கொள்ளும். விழித்தால் அழும். அழுகையைக் கேட்டுவிட்டால் கால் நகராது. எங்கள் வீடுகளில் கைப்பிள்ளைக்காரி ஒவ்வொருத்தியும் கதவைச் சத்தமில்லாமல் சாத்தப் பழகியிருக்கிறாள்.

அதே நேரத்தில் நகரத்துக்கு வெளியே, திருமங்கலம், உசிலம்பட்டி, திருப்பரங்குன்றம் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில், தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு பெண்கள் பூ எடுத்துக்கொண்டிருப்பார்கள். மொட்டு விரிவதற்குள் பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்பினால்தான் விலை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் பெருமையை ஊரே பேசுகிறது. அதைப் பறிக்கிற கைகளுக்குச் சொந்தமான பிள்ளைகள் அந்நேரம் எங்கே இருக்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. சில பிள்ளைகள் வரப்போரத்தில் சேலை விரிப்பில் தூங்குகின்றன. சில, வீட்டில் அக்காவின் பொறுப்பில் இருக்கின்றன.

எங்கள் வீட்டுப் பிள்ளை வளர்ப்பைச் சோகக் கதையாக மட்டும் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. பதினோரு மணிக்கு வேலை முடிந்து தெருமுனையில் திரும்பும்போது, யாரோ இடுப்பில் வைத்திருக்கும் பிள்ளை தூரத்திலேயே அடையாளம் கண்டு கையை நீட்டித் தாவும். அந்த ஒரு நிமிடத்தில் காலையிலிருந்து சுமந்த பாரமெல்லாம் இறங்கிவிடும். குளித்துவிட்டுத்தான் தூக்குவேன் என்று தாய் சொல்வாள், பிள்ளை கேட்காது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, நெற்றியில் மைப்பொட்டு வைத்து உட்காரவைத்தால் தெருவே வந்து கொஞ்சிவிட்டுப் போகும். அப்பத்தா ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுவாள், அம்மாச்சி இன்னொரு பேர் சொல்லிக் கூப்பிடுவாள். எந்தத் தாயும் பெறுகிற இந்தச் சந்தோஷத்தில் எங்களுக்கும் குறைவில்லை. அந்தச் சந்தோஷத்துக்கான நேரம்தான் எங்களிடம் குறைவு.

எந்த நேரம் குறைகிறது என்று பார்த்தால் பிரச்சினை தெளிவாகப் புரியும். அதிகாலை ஐந்திலிருந்து காலை ஒன்பது வரையுள்ள நாலு மணி நேரம் அது. ஊர் விழிப்பதற்குள் ஊரைச் சுத்தமாக்கும் வேலை, கடை திறப்பதற்குள் பூவைச் சேர்க்கும் வேலை, வெயில் ஏறுவதற்குள் வயலில் இறங்கும் வேலை எல்லாம் அந்த நேரத்தில்தான். அங்கன்வாடி திறப்பதோ வெயில் ஏறிய பிறகு. இடைப்பட்ட நேரத்தில் இரண்டு வயதுப் பிள்ளைக்கு யார் பால் கொடுப்பது, யார் கழுவிவிடுவது, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகாமல் யார் பார்த்துக்கொள்வது?

பல வீடுகளில் அதற்கான விடை, எட்டு வயதுப் பெண் பிள்ளை. மூன்றாம் வகுப்புப் படிக்கிற அக்காதான் தம்பிக்குத் தாய். அம்மா வந்து பிள்ளையை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவள் பள்ளிக்குப் போக முடியும். அம்மா பிந்தினால் அவளும் பிந்துவாள். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அவளுக்கு விடுமுறை. நாலைந்து முறை பிந்திப் போய் வகுப்பு வாசலில் நின்ற பிறகு, போகாமலே இருப்பது சுலபம் என்று தோன்றிவிடுகிறது. பெண் பிள்ளை ஏன் படிப்பில் பின்தங்கினாள் என்று பிற்பாடு காரணம் தேடுகிறோம். காரணம் அவள் இடுப்பில் உட்கார்ந்திருந்தது.

தமிழ்நாடு பிள்ளைகளின் பசியை அறியாத மாநிலம் அல்ல. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோதே, பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது நம் மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே வரம். விடியுமுன் அடுப்பு மூட்ட முடியாத தாய்க்கு, பிள்ளை பள்ளியில் சூடாகச் சாப்பிடும் என்ற நிம்மதியின் அருமை எங்களுக்குத் தெரியும். 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்களுக்கும் காலை உணவு வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. அதையும் வரவேற்கிறோம்.

இப்போது ஒரு வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். வேலைக்குப் போகும் அம்மாவுக்குக் காலை உணவுத் திட்டம். பள்ளிக்குப் போகும் அக்காவுக்குக் காலை உணவுத் திட்டம். அக்காவின் இடுப்பில் இருக்கும் பிள்ளைக்கு மட்டும் அந்த நேரத்தில் எதுவும் இல்லை. அங்கன்வாடி திறந்த பிறகு சத்துமாவு உண்டு, மதியச் சோறு உண்டு, முட்டை உண்டு. ஆனால் இரண்டு வயது முடிந்த பிறகுதான் பிள்ளையை அங்கே உட்காரவைக்க முடியும். அதற்குமுன் சத்துமாவுப் பாக்கெட் வீட்டுக்கு வரும். பாக்கெட் வந்தால் போதுமா? அதைக் கிண்டி ஊட்ட ஒரு கை வேண்டாமா? தம்பியை வைத்திருப்பதால், பள்ளி தொடங்குமுன் பரிமாறும் உப்புமாவுக்கோ பொங்கலுக்கோ அக்காவாலும் போய்ச் சேர முடிவதில்லை. கைப்பிள்ளைக்கு ஏற்பாடு செய்யாததால் அக்காவுக்குச் செய்த ஏற்பாடும் வீணாகிறது.

சட்டம் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று அளித்த உத்தரவு, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் குடியிருப்புகளில் அங்கன்வாடி திறக்க முன்னுரிமை தரச் சொன்னது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேராவது இருந்து, அங்கன்வாடி இல்லாத கிராமத்தாரோ குடிசைப் பகுதி மக்களோ கேட்டால், மூன்று மாதத்துக்குள் திறந்தாக வேண்டும் என்றும் சொன்னது. 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், வேலைத்தளத்துக்கு வரும் பெண்களோடு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்தச் சொன்னது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் தாய் இதைக் கேட்டு வாங்க முடியும். ஒப்பந்தத்தில் குப்பை வண்டி தள்ளும் தாய், கேட்டால் நாளைக்கு வேலை இருக்குமா என்று யோசிக்கிறாள். பூத்தோட்டத்துக் கூலிக்காரிக்கோ எழுதிக் கேட்க ஒரு நிறுவனமே இல்லை.

இது அண்ணல் அம்பேத்கர் நடந்த பாதை என்பதை நம் இளைஞர்களுக்கு நினைவூட்ட வேண்டும். அரசியல் சட்டத்தோடும் இட ஒதுக்கீட்டோடும் அவர் பெயரை நிறுத்திவிடுகிறோம். 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில், பெண் தொழிலாளிகளுக்கு மகப்பேற்றுக் காலச் சலுகை தரும் மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அவர். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கவனித்தார். சுரங்கத்தில் வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்கச் சட்டம் வழிவகுத்தது அந்தக் காலத்தில்தான். தாய் வேலை செய்யும் இடத்தில் பிள்ளைக்கும் இடம் வேண்டும் என்ற எண்ணத்துக்கு வயது எண்பது. நிலத்துக்கடியில் இறங்கிய தாய்க்காக அன்று யோசித்தது போல, மதுரைத் தெருக்களைக் கூட்டும் தாய்க்காக இன்று யோசிக்கக் கூடாதா?

"வேலைக்குப் போகும் எல்லாத் தாய்க்கும் உள்ள கஷ்டம்தானே, இதில் சாதி எங்கே வந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. கஷ்டம் எல்லாருக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விடியுமுன் செய்தாக வேண்டிய, ஊர் கண்ணில் படாமல் முடிந்தாக வேண்டிய வேலைகள் யார் தலையில் விழுந்தன என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. குப்பை அள்ளுகிற கைகளில் பெரும்பகுதி அருந்ததியர் கைகளாக இருப்பது தற்செயல் அல்ல. சாதி வேலையைப் பிரித்தது. வேலை நேரத்தைப் பிரித்தது. நேரம் தாயையும் பிள்ளையையும் பிரிக்கிறது.

நாங்கள் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. மாநகராட்சியின் 100 வார்டுகளில், தூய்மைப் பணியாளர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்புகளை முதலில் எடுத்துக்கொள்ளட்டும். அங்கே இருக்கிற அங்கன்வாடிக் கட்டடத்தையே அதிகாலை நாலரை மணிக்குத் திறக்கட்டும். ஏற்கெனவே குறைந்த சம்பளத்தில் பல வேலை பார்க்கும் அங்கன்வாடி ஊழியர் தலையில் இதையும் கட்டக் கூடாது. அதிகாலை நேரத்துக்கென்று அதே தெருவைச் சேர்ந்த இரண்டு பெண்களைப் பயிற்சி கொடுத்து, முறையான சம்பளத்தில் நியமிக்கட்டும். ஆறு மாதக் குழந்தையிலிருந்து சேர்த்துக்கொள்ளட்டும். பால், சத்துமாவுக் கஞ்சி, நாலு தூளி, சுத்தமான தண்ணீர், பூட்டக்கூடிய வாசல் போதும். கிராமப்புறத்தில், பூ சீசனிலும் நடவுக் காலத்திலும் ஊராட்சி இந்தப் பொறுப்பை ஏற்கட்டும்.

பாட்டி இருக்கிறாளே என்பார்கள். எங்கள் பாட்டிகளில் பலர் இன்னும் வேலைக்குப் போகிறார்கள். ஓய்ந்தவர்களுக்கு ஓடும் பிள்ளையைப் பிடிக்கத் தெம்பில்லை. பணம் எங்கே என்பார்கள். டெல்லியில் 1969லேயே கட்டட வேலைத்தளங்களில் மொபைல் க்ரெஷஸ் அமைப்பு காப்பகம் நடத்தத் தொடங்கிவிட்டது. பக்கத்து கர்நாடகம், கூலி வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்காக 4,000 கிராம ஊராட்சிகளில் 'கூசின மனே', அதாவது குழந்தை வீடு, திறப்பதாக 2023-24 பட்ஜெட்டில் அறிவித்தது. காலைச் சோற்றைப் பள்ளிக்குக் கொண்டுவந்து நாட்டுக்கே வழிகாட்டிய தமிழ்நாட்டால் இது முடியாதா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் காப்பகங்களை எங்கள் பிள்ளைகளுக்கென்று தனியாகக் கேட்கவில்லை. விடியுமுன் வேலைக்குப் போகும் எந்தச் சாதித் தாயும் தன் பிள்ளையைக் கொண்டுவந்து விடட்டும். எங்கள் பெண்கள் காய்ச்சும் கஞ்சியை எல்லாப் பிள்ளைகளும் குடிக்கட்டும். காலை உணவைத் தலித் பெண் சமைக்கிறார் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்த கொடுமையை 2023இல் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் பார்த்தோம். அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004லேயே சொல்லியும் இந்த நிலை. பள்ளிக்கு வருவதற்குள் பிள்ளை மனதில் பெரியவர்கள் சாதியை ஏற்றிவிடுகிறார்கள். பக்கத்துப் பக்கத்துத் தூளியில் தூங்கி, ஒரே பானைக் கஞ்சி குடித்து வளர்ந்த பிள்ளைக்கு அதை ஏற்றுவது அவ்வளவு சுலபமாக இருக்காது.

அடுத்த வார்டு சபை, கிராம சபைக் கூட்டத்துக்கு நம் பெண்கள் கைப்பிள்ளையோடு போக வேண்டும். நம் தெருவில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரின் தாய் விடியுமுன் வேலைக்குப் போகிறாள் என்று எண்ணி எழுதி எடுத்துப் போக வேண்டும். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, தேதி போட்டு ஒப்புகை வாங்க வேண்டும். ஆண்களும் கூட நிற்க வேண்டும். பிள்ளை அவர்களுக்கும் பிள்ளைதான்.

தாய் வேலைக்குப் போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்த வேண்டியதில்லை. பிள்ளையை எழுப்பி, முகம் துடைத்து, இடுப்பில் தூக்கிப்போய், நம்பிக்கையான ஒரு கையில் கொடுத்து, "அம்மா வேலைக்குப் போயிட்டு வர்றேன் தங்கம்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அக்காவும் பையைத் தூக்கிக்கொண்டு நேரத்துக்குப் பள்ளிக்குப் போய்விடுவாள்.