பள்ளியில் தொடங்கும் பிள்ளைப்பேறு

பிறக்கும் குழந்தை இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால், எடை குறைந்த குழந்தை என்கிறது மருத்துவம். அக்குறை பெரும்பாலும் பேற்றறையில் உண்டாவதில்லை. பல்லாண்டுகளுக்கு முன், அதன் தாய் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட நாளிலேயே அது வேர்விட்டிருக்கக்கூடும்.

முந்நூறு ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட முடிவு, தாயின் படிப்பு குழந்தையின் எடையோடு நில்லாமல் உயிரையும் தொடுகிறது எனக் காட்டுகிறது. பன்னிரண்டாண்டு கற்ற தாயரின் குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறக்கும் வாய்ப்பு, பள்ளியே அறியாத தாயரின் குழந்தைகளைவிட 31 விழுக்காடு குறைவு. தந்தையர் அவ்வளவு கற்றிருந்தால் 17 விழுக்காடு குறைவு. பிறந்த முதல் மாதத்திலேயே இவ்வேறுபாடு தெரியத் தொடங்குகிறது.

காரணம் வெளிப்படை. படிக்கும் பெண்ணுக்கு மணம் தள்ளிப்போகிறது. உடல் முதிர்ந்தபின் கருவுறுகிறாள். இரும்புச்சத்து மாத்திரையின் தேவையை உணர்கிறாள். தலைவலியும் முகவீக்கமும் இரத்தக் கொதிப்பின் அறிகுறியாகலாம் என்றறிந்து மருத்துவரை நாடுகிறாள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்லும் பழைய வழக்கத்தை மறுக்கும் துணிவும் பெறுகிறாள். கற்ற கணவனோ, மனைவியின் உணவும் ஓய்வும் தன் கடமை எனக் கொள்கிறான்.

இதைச் சொல்லிக் கல்லாத தாயைப் பழிப்பது பெருங்கொடுமை. இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகையால் வாடுவதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. அவர்களுக்குக் கல்வியையும் சத்துணவையும் மறுத்தவர்கள் நாமே. அத்தாய்க்குப் புரியும் சொல்லில், பொறுமையோடு விளக்குவது மருத்துவமனையின் கடன்.

தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்குகிறது. பெண்களுக்கு மூடியிருந்த கல்லூரிக் கதவைத் திறந்து சென்று, 1912-இல் மருத்துவரான பெருமாட்டி அவர். கல்வியும் மகப்பேறும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்கு அப்பெயரே சாட்சி. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவியை, 2022-இல் மாதம் ஆயிரம் ரூபாய்க் கல்வி உதவியாக மாற்றியதும் நன்முடிவே. ஆயினும் அவ்வுதவி கல்லூரி வாயிலை எட்டியவருக்கே கிட்டுகிறது. பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் சிறுமி அதற்கு வெளியே நிற்கிறாள்.

அவளைத் தேடிச் சென்று மீண்டும் வகுப்பறையில் அமர்த்துவது கல்வித்துறைக்கு மட்டும் உரிய பணியன்று. நல்வாழ்வுத்துறையும் அதில் தோள்கொடுக்க வேண்டும். பெற்றோரே, மகளின் படிப்பை நிறுத்துமுன் ஒருகணம் எண்ணுங்கள்: நாளை உங்கள் பேரக்குழந்தையின் உயிருக்குக் காவலாகப்போவது அப்படிப்பே.